பின்வளவுக் கோழியும் அரச பதிவேடும்

2025ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் ஐரோப்பாவுக்குக் கசப்பான செய்தியுடன் வந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில், ஜேர்மனியின் பிரண்டன்பேர்க் மாநில ஈரநிலங்களில், தெற்கு நோக்கிப் பறந்துகொண்டிருந்த கொக்குகள் ஆயிரக்கணக்கில் செத்து வீழ்ந்தன. அதே மாதத்தில் நெதர்லாந்தும் பிரான்சும் கோழிகளை வெளியே விடாது கூரையின் கீழ் அடைத்து வைக்குமாறு உத்தரவிட்டன. இங்கிலாந்தின் வடக்கு, மத்திய, கிழக்குப் பகுதிகளில் ஒக்ரோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்த அத்தகைய உத்தரவு, நவம்பரில் இங்கிலாந்து முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் எச்5என்1 எனப்படும் பறவைக் காய்ச்சல் வைரசு.

இதனைப் பெரும் பண்ணை முதலாளிகளின் கவலை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், நம்மவர் வாழும் இல்லங்களின் பின்வளவுகளையும் இச்செய்தி தொடுகின்றது. புலம்பெயர்ந்த நாட்டில் வீட்டோடு ஒரு துண்டு நிலம் வாய்த்தவுடன், கீரைப் பாத்தியின் அருகே ஒரு கூட்டை அமைத்து நான்கு பேடுகளை வாங்கி விடும் குடும்பங்கள் உண்டு. முட்டைக்காகச் சிலர், பிள்ளைகளுக்காகச் சிலர், ஊர் நினைவுக்காகச் சிலர்.

இந்நான்கு கோழிகளைக் காப்பது எவ்வாறு என்னும் வினா, மேலோட்டமாக நோக்கின் வலையும் கூடும் கிருமிநாசினியும் பற்றியதாகவே தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கின், அது சாதாரண மனிதனுக்கும் அரசுக்கும் இடையிலான நம்பிக்கை பற்றிய வினாவாக மாறுகின்றது. முதற் கோழி செத்த அன்று அதன் சொந்தக்காரர் தொலைபேசியை எடுப்பாரா, மண்வெட்டியை எடுப்பாரா என்பதிலேயே ஒரு பிரதேசத்தின் நோய்த்தடுப்புத் தங்கியிருக்கின்றது. அரசியற் பக்கத்தில் கோழியைப் பற்றி எழுத நாம் துணிந்தமைக்கு இதுவே காரணம்.

நோய் வந்த வழி

இன்றைய வைரசின் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் ஒரு வாத்துப் பண்ணையின் பெருவாத்தில் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு ஹொங்கொங்கில் 18 பேரை அது தொற்றியது, அறுவர் மாண்டனர். அந்நகர நிர்வாகம் சில நாட்களுள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கோழிகளைக் கொன்று நோயை அப்போதைக்கு அடக்கியது. 2003இன் இறுதி முதல் தென்கிழக்காசியாவிலும், பின்னர் ஆபிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது தலைகாட்டியது. 2021 முதல் அதன் புதிய கிளையொன்று ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சூழ்ந்தது. அமெரிக்காவில் மட்டும் 2022இன் பின்னர் 15 கோடிக்கு மேற்பட்ட வளர்ப்புப் பறவைகள் நோயாலோ, நோயைத் தடுப்பதற்கான கொலையாலோ அழிந்தன. 2024 மார்ச்சில் ரெக்சாஸ் மாநிலப் பாற்பசுக்களிலும் அவ்வைரசு கண்டறியப்பட்டபோது விஞ்ஞானிகளே திகைத்தனர்.

குற்றவாளி யார் என்னும் விவாதம் ஓயவில்லை. பெரும் பண்ணையாளர் சிறு வளர்ப்பாளரைச் சுட்டுகின்றனர். சிறு வளர்ப்பாளர் பெரும் பண்ணைகளைச் சுட்டுகின்றனர். இருவரும் காட்டுப் பறவைகளைச் சுட்டுகின்றனர். மூன்றிலும் உண்மையின் பங்கு உண்டு. ஒரே கூரையின் கீழ் பல்லாயிரம் பறவைகளை நெருக்கி வளர்க்கும் தொழில்முறை, நுழைந்த கிருமியைப் பெருக்குகின்றது. காட்டு வாத்துகள், பல வேளைகளில் தாம் நோயுறாமலே, அதனைக் கண்டம் விட்டுக் கண்டம் சுமக்கின்றன. பின்வளவோ இவ்விரண்டுக்கும் நடுவே திறந்து கிடக்கின்றது. அமெரிக்காவில் நோய் உறுதிசெய்யப்பட்ட கோழிக் கூட்டங்களுள், எண்ணிக்கையில் ஏறத்தாழப் பாதி பின்வளவுக் கூட்டங்களே. அழிந்த பறவைகளின் தொகையில் அவற்றின் பங்கு மிகச் சிறிது. எனினும், அங்கே கோழிக்கும் மனிதனுக்கும் இடையே சுவரோ முகமூடியோ கிடையாது; சேவலைத் தூக்கிக் கொஞ்சுவது பிள்ளை, கூட்டைக் கூட்டுவது தாய்.

2003 முதல் 2025 வரை எச்5என்1 தொற்றியதாக உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டோர் 980க்கு மேற்பட்டவர்கள். அவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் இறந்தனர். 2025 ஜனவரியில் இந்நோயால் அமெரிக்காவில் நிகழ்ந்த முதல் மரணம் லூசியானா மாநிலத்தில் பதிவானது. 65 வயதைக் கடந்த அம்மனிதர் தம் பின்வளவுக் கோழிகளோடும் காட்டுப் பறவைகளோடும் தொடர்புற்றிருந்தார். அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு டசின் முட்டையின் சராசரி விலை 6 டொலரைக் கடந்தபோது, அந்நாட்டு விவசாய அமைச்சர் புறூக் றோலின்ஸ், வீட்டுப் பின்புறத்தில் கோழி வளர்ப்பதை வரவேற்றுப் பேசினார். கோழி வளருங்கள் என்பது எளிய வாக்கு. அதன் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பதே கடினமான பகுதி.

இவற்றைச் சொல்வது அச்சமூட்டுவதற்கன்று. மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்நோய் தொடர்ந்து பரவும் ஆற்றலைப் பெற்றதாக இதுவரை சான்றில்லை. நன்கு சமைத்த இறைச்சியாலும் முட்டையாலும் ஆபத்தில்லை. ஆபத்து இருப்பது நோயுற்ற பறவையைக் கையாளுமிடத்திலாகும்.

கூட்டின் வாயிலில் செய்யத்தக்கவை

வைரசு எச்சத்திலும், மூக்கு நீரிலும், எச்சில் படிந்த தண்ணீரிலும் உயிர் தரிக்கின்றது. வெப்பத்தில் விரைவில் மடியும் அது, குளிரிலும் ஈரத்திலும் வாரக்கணக்கில் நிலைக்க வல்லது. ஆகவேதான் ஐரோப்பியக் குளிர்காலம் அதற்குப் பிடித்த பருவமாயிற்று.

வானில் செல்லும் வாத்தின் எச்சம் கோழியின் தீனியில் விழாதிருக்க வேண்டும் என்பது முதல் விதி. தீனியையும் தண்ணீரையும் கூரையின் கீழ் வைத்தல் வேண்டும். குளத்து நீரும் தேங்கிய மழைநீரும் ஆகா. குழாய் நீரே தகும். வலை காட்டுப் பறவையைத் தடுக்கும், ஆனால் எச்சத்தைத் தடுக்காது. எனவே வலையின் மேல் நீர் புகாத கூரை வேண்டும். சிந்திய தீனியை அன்றே கூட்டியள்ளாவிட்டால் அது புறாவுக்கும் எலிக்கும் விருந்தாகும்.

இரண்டாம் விதி சப்பாத்தைப் பற்றியது. பூங்காவில் வாத்துகள் உலாவிய புல்லை மிதித்த சப்பாத்தோடு கூட்டுக்குள் நுழைவதே பல வேளைகளில் நோய் நுழையும் வழி. கூட்டுக்கென ஒரு சோடி சப்பாத்தைத் தனியே வைத்து, வாயிலில் கிருமிநாசினித் தட்டொன்றும் வைத்துவிட்டால் பெரும் பாதி வேலை முடிந்தது. சேறு படிந்த சப்பாத்தை அப்படியே தோய்ப்பதால் பயனில்லை. முதலில் கழுவி, பின்னரே தோய்த்தல் வேண்டும். வெறுமனே அடைத்து வைத்தல் ஆபத்தை இரு மடங்கு குறைக்குமென்றும், கண்டிப்பான சுத்த நடைமுறைகள் அனைத்தும் சேர்ந்தால் 44 மடங்கு வரை குறைக்குமென்றும் பிரித்தானிய அதிகாரிகள் 2022இல் தெரிவித்தனர். பூட்டிலும் சவர்க்காரம் வலியது என்பதே அக்கணக்கின் பொருள்.

மூன்றாவது, புதிதாக வாங்கிய கோழியைக் குறைந்தது மூன்று வாரமாவது தனியே வைத்திருத்தல். நான்காவது, வாத்தையும் கோழியையும் ஒன்றாக விடாமை. வாத்து நோயைக் காட்டாமலே சுமக்கக்கூடும்.

நோயின் அடையாளங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். திடீர்ச் சாவு, தலை வீங்குதல், கொண்டையும் தாடியும் நீலம் பாரித்தல், முட்டை சட்டென நின்றுபோதல், மூச்சுத் திணறல், பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் என்பன அவை. இவற்றுட் பல நம் ஊரவர்க்குப் புதியனவல்ல. 1926இல் பிரித்தானியாவின் நியூகாசில் நகரப் பகுதியில் கண்டறியப்பட்டு அந்நகரின் பெயரையே பெற்ற கோழிநோய், நம் பக்கத்தில் இந்திய மலைநகரொன்றின் பெயரால் ராணிக்கெற் என வழங்குகின்றது. அதுவும் கழுத்தைத் திருகும், கூட்டையே காலியாக்கும். கண்ணால் மட்டும் இவ்விரண்டையும் பிரித்தறிய எவராலும் இயலாது. ஆய்வுகூடமே அதனைச் செய்யும். அதனாலேயே 'இது வழமையான வருத்தந்தான்' என்று நாமே தீர்ப்புச் சொல்லுதல் தகாது.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. சாகப்போகும் கோழியை வீணாக்காமல் அறுத்துக் கறியாக்குவது வறுமை கற்பித்த பழைய வழக்கம். எகிப்திலும் கம்போடியாவிலும் மனிதரைத் தொற்றிய பல சந்தர்ப்பங்களில், நோயுற்ற பறவையைக் கையாண்டதும், அறுத்ததும், இறகு பிடுங்கியதும் காரணங்களாகக் காணப்பட்டன. சட்டியில் வைரசு மடியும். அறுக்கும் கையிலும் சுவாசிக்கும் மூச்சிலும் அது மடியாது.

சோறும் முட்டையும் சட்டமும்

நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் சில காரியங்கள் இந்நாடுகளின் சட்டத்துக்கு மாறானவை என்பதையும் இங்கு குறிப்பிடுதல் வேண்டும். மிஞ்சிய சோற்றைக் கோழிக்குப் போடுவது நமக்குப் பழக்கம் மட்டுமன்று, அறமும் ஆகும். பிரித்தானியாவில் அது தடை செய்யப்பட்டது. 2001இல் அந்நாட்டைத் தாக்கிய கால்வாய் நோயின்போது 60 இலட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. முறையாகச் சூடாக்கப்படாத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குக் கொடுத்தமையே அதன் தொடக்கம் என நம்பப்பட்டது. அதன் பின்னர், வீட்டுச் சமையலறையூடாகச் சென்ற எதனையும் கோழிக்குக் கொடுத்தல் குற்றமாயிற்று. செல்லமாக வளர்க்கப்படும் ஒற்றைக் கோழிக்கும் இது பொருந்தும். விலங்குப் பொருள் எதுவுமே நுழையாத சமையலறைக்கு மட்டுமே விலக்குண்டு. நம் சைவச் சமையலறைகூட இவ்விலக்கில் அடங்காது. அங்கே பாலும் தயிரும் நெய்யும் உள்ளன அல்லவா? தோட்டத்திலிருந்து நேரே பறித்துக் கொடுக்கும் கீரைக்குத் தடையில்லை.

முட்டையின் கதையும் இத்தகையதே. 2025இன் இங்கிலாந்து அடைப்பு உத்தரவு, 50க்குக் குறைவான பறவைகளை வைத்திருந்து, முட்டையை விற்காமலும் பிறர்க்கு இலவசமாகக் கொடுக்காமலும் இருந்தவர்க்கு விலக்களித்தது. பக்கத்து வீட்டுக்கு அன்பளிப்பாக ஆறு முட்டை கொடுத்தவர் அவ்விலக்கை இழந்தார். இத்தகைய நுண்விதிகளை ஆங்கிலத்தில் மட்டும் அறிவித்துவிட்டு, அறியாமை மன்னிக்கப்படாது என்று சொல்லும் அரசிடம் ஒரு கேள்வியைக் கேட்க நமக்கு உரிமையுண்டு: அறிய வைப்பது யாருடைய கடமை?

பதிவேட்டின் நிழல்

2024 ஒக்ரோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும், ஒரு கோழியை வைத்திருப்பவரும் பதிவு செய்தாக வேண்டும் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஸ்கொட்லாந்தில் அது ஒரு மாதம் முந்தியது. வீட்டினுள்ளேயே வாழும் கிளி போன்றவற்றுக்கு விலக்குண்டு. அதற்கு முன்னர் 50 அல்லது அதற்கு மேற்பட்ட பறவைகள் உள்ளவர்களே பதிய வேண்டியிருந்தது. சுவிற்சர்லாந்தில் 2010 முதலே எல்லாக் கோழி வளர்ப்பாளரும் பதிய வேண்டும். பிரான்சில் நகரசபையில் அறிவித்தல் வேண்டும். ஜேர்மனியில் முதற் கோழியிலிருந்தே பதிவு கட்டாயம். அதற்கு மேலாக, ராணிக்கெற் நோய்க்கெதிரான தடுப்பு மருந்தும் கட்டாயம்.

பதிவின் பயன் தெளிவானது. அருகில் நோய் கண்டால் உடனே எச்சரிக்கை வரும். நோய் கண்ட இடத்தைச் சுற்றி 3 கிலோமீற்றர் பாதுகாப்பு வலயமும் 10 கிலோமீற்றர் கண்காணிப்பு வலயமும் வகுக்கப்படுகையில், எங்கெங்கே கோழிகள் உள்ளன என்பது தெரிந்தாலன்றி வலயம் வெறும் வட்டமே. பிரித்தானியாவில் பதிவுக்குக் கட்டணமும் இல்லை.

ஆயினும் 'பதிவு' என்னும் சொல் நம்மவர் செவியில் வேறு விதமாக ஒலிக்கின்றது. 1983 ஜூலையில் கொழும்பில் காடையர் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றனர் என்பது பலராலும் பதிவு செய்யப்பட்ட வரலாறு. பின்னைய ஆண்டுகளில் கொழும்பு விடுதிகளிலும் வீடுகளிலும் தங்கியோர் பொலிசில் பெயர் பதிய வேண்டியிருந்ததையும் நம்மில் எவரும் மறந்திலர். அத்தகைய சமூகத்தைப் பார்த்து 'முகவரியைத் தாருங்கள், வருத்தம் வந்தால் அதிகாரிகளை அழையுங்கள்' என்று சொல்லும்போது, அதற்குப் பதிலாக வரும் மௌனத்தை வெறும் அறியாமை என்று எண்ணுதல் தவறு. அது பட்டறிவு. தஞ்சக் கோரிக்கை முடிவாகாத ஒருவர், சீருடையணிந்த எவரும் வாசலுக்கு வருவதை விரும்பமாட்டார். வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரருக்கு அஞ்சுவார். செத்த கோழி இரவோடிரவாகப் புதைக்கப்படும். மிஞ்சிய மூன்று கோழிகள் ஓர் உறவினர் வளவுக்குச் செல்லும். நோய் அவற்றுடன் வாகனத்தில் ஏறிச் செல்லும்.

அச்சத்தின் காரணத்தைப் புரிந்துகொள்ளுதல் வேறு, அச்சத்துக்கு அடிபணிதல் வேறு. கோழிப் பதிவேடு கேட்பது பெயர், முகவரி, பறவைகளின் இனம், எண்ணிக்கை, வளர்க்கும் நோக்கம் என்பனவற்றையே. அதனை வாக்காளர் இடாப்போடு ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும், இப்பதிவேடு விலங்கு நலத்துக்கு மட்டுமே பயன்படும், குடிவரவுத் திணைக்களத்தின் கைக்கு ஒருபோதும் செல்லாது என்று அரசுகள் வெளிப்படையாகவும் அகதிகளின் மொழிகளிலும் உறுதி கூறுதல் வேண்டும் என நாம் வற்புறுத்துகின்றோம். அது அகதிக்குச் செய்யும் சலுகையன்று. நோய்த்தடுப்பின் ஒரு பகுதி.

இழப்பீடும் நேர்மையும்

அச்சத்தின் மறுபக்கம் இழப்பு. ஒரு கூட்டில் நோய் உறுதியானால், பொதுவாக அங்குள்ள எல்லாப் பறவைகளும் கொல்லப்படும். நலமாக நிற்பவற்றை ஏன் கொல்ல வேண்டும் என்னும் வழக்கொன்று, பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீக்கோழிப் பண்ணையொன்றிலிருந்து கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 நவம்பரில் அந்நீதிமன்றம் மேன்முறையீட்டை ஏற்க மறுத்தது. 300க்கு மேற்பட்ட தீக்கோழிகள் கொல்லப்பட்டன. நலமாகத் தோன்றும் பறவை கிருமியைச் சுமக்கலாம் என்பது அரசின் வாதம். அறிவியலில் அதற்கு இடமுண்டு. ஆனால் கொல்லும் அரசு ஈடுசெய்யவும் வேண்டும்.

உலக வங்கியும் ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் பிறவும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட அறிக்கை, கொல்லப்படும் பறவைக்குச் சந்தை விலையின் 75 முதல் 90 வீதம் வரை வழங்குதல் நன்றென்றும், எவ்விடத்தும் 50 வீதத்துக்குக் குறைதலும் 100 வீதத்தை மிஞ்சுதலும் ஆகாதென்றும் பரிந்துரைத்தது. இதன் தருக்கம் எளியது. குறைந்தால் மறைப்பார்கள், மிஞ்சினால் நோயை வரவேற்பார்கள். எகிப்தில் 2006இல் நோய் புகுந்தபோது, வீட்டுக் கூரைகளிலும் முற்றங்களிலும் பெண்கள் வளர்த்த கோழிகளே பல குடும்பங்களின் முட்டையும் சேமிப்புமாக இருந்தன. ஈடு போதாமை, மக்கள் நோயை அறிவிக்காமைக்கு முக்கிய காரணங்களுள் ஒன்றென ஆய்வாளர் பலர் சுட்டினர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் எகிப்தில் தொற்றியோர் 359 பேர். மாண்டோர் 120 பேர்.

பிரித்தானியாவில் நலமான பறவையைக் கொன்றால் ஈடு உண்டு. ஏற்கெனவே செத்ததற்கும் நோயுற்றதற்கும் இல்லை. 2022 ஒக்ரோபரிலிருந்து, கொலை முடியும் நாளை விடுத்து அது திட்டமிடப்பட்ட தொடக்கத்திலிருந்தே ஈடு கணக்கிடப்படும் எனத் திருத்தப்பட்டது. முந்தி அறிவிப்பவர் இழப்பது குறைவு. பிந்தி அறிவிப்பவர் கோழியையும் இழப்பார், ஈட்டையும் இழப்பார் என்பதே இதன் உட்பொருள். நம்மவர் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

தடுப்பு மருந்து யாருக்கு?

பிரான்ஸ் வேறொரு வழியைக் காட்டியது. 2021-22 பருவத்தில் அங்கே 1,378 இடங்களில் நோய் கண்டது. 2023 ஒக்ரோபரில் வாத்துப் பண்ணைகளுக்குத் தடுப்பு மருந்து கட்டாயமாக்கப்பட்டது. 2023-24 பருவத்தில் நோய் கண்ட இடங்கள் பத்து மட்டுமே. அவ்வெற்றிக்கு வேறு காரணங்களும் துணை நின்றிருக்கலாம். ஆயினும் அதனைப் புறக்கணிக்க இயலாது. ஆனால் அத்திட்டம் 250 வாத்துகளுக்கு மேற்பட்ட பண்ணைகளுக்கே உரியது. பின்வளவு அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றது.

சிறியவர்களையும் சேர்த்துக்கொண்ட முன்மாதிரி வேறிடத்தில் உண்டு. ராணிக்கெற் நோய்க்கு, அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து ஐ-2 என்னும் தடுப்பு மருந்து உருவாயிற்று. வெப்பம் தாங்கும் அம்மருந்தைக் கோழியின் கண்ணில் ஒரு துளி விட்டாற் போதும். மொசாம்பிக், தன்சானியா போன்ற நாடுகளின் கிராமங்களில், அவ்வூரவரையே பயிற்றுவித்து, கோழிக்குச் சிறு கட்டணம் பெற்று, ஆண்டுக்கு மூன்று முறை அதனை வழங்கும் திட்டங்கள் நடந்தன. அங்கே மக்கள் கோழியோடு வெளியே வந்தனர், மறைக்கவில்லை. வந்தவர் தம் மொழி பேசும் அயலவர்; அவர் கையில் இருந்தது மருந்து. அரசின் முதல் வருகை கொலையாளியின் வருகையாக இராத இடத்தில் மக்கள் கதவைத் திறக்கின்றனர்.

இதிலிருந்து அரசுகள் கற்க வேண்டியவை மூன்று: மக்களின் மொழியில் பேசுதல், இழப்புக்கு உரிய ஈட்டைத் தாமதமின்றி வழங்குதல், விலங்குப் பதிவேட்டை வேறெதற்கும் பயன்படுத்தாமை. பெரும் பண்ணைகளின் நெருக்கடி வளர்ப்பைக் கட்டுப்படுத்தாமல் சிறு வளர்ப்பாளரை மட்டும் கண்காணிப்பது நீதியாகாது என்பதையும் நாம் சேர்த்தே சொல்கின்றோம்.

நம்மவர் செய்ய வேண்டியவையும் உள. கோழி வைத்திருப்போர் வாழும் நாட்டின் விதியைக் கேட்டறிந்து பதிவு செய்க. கனடா போன்ற நாடுகளில் ஒவ்வொரு நகரசபைக்கும் ஒவ்வொரு விதி உண்டு. மொழி தெரியாத முதியோர்க்கு அப்படிவத்தை நிரப்பிக் கொடுப்பது நம் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் ஒரு சனிக்கிழமையில் முடிக்கக்கூடிய பணி. அருகில் நோய் இருக்கும் காலத்தில் கோழியையும் குஞ்சையும் உறவினர்க்குக் கொடுத்தலை நிறுத்துக. கோழி திடீரெனச் செத்தால் வெறுங்கையால் தொடாது, பிள்ளைகளை அகற்றி, மிருக வைத்தியரையோ உரிய அலுவலகத்தையோ அன்றே அழையுங்கள். தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்க்கு அச்சம் மேலிட்டால், தம் சட்டத்தரணியிடமோ நம்பிக்கையான பொது அமைப்பிடமோ முதலில் பேசட்டும்; ஆனால் அதுவும் அன்றே நடக்கட்டும். மறுநாள் என்பது வைரசுக்குக் கொடுக்கும் அவகாசம்.